ஊருக்கு வெளியே நின்ற வேன்

எட்டு வயதுப் பிள்ளைகள் வைத்த பெயர், அவருக்கு வயது ஐம்பதை நெருங்கும்போதும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் காய் விற்பவர், மருந்துக் கடைக்காரர், பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிப்பவர் என்று எல்லோருக்கும் அவர் வேனக்காதான். கோபம் வந்தால் கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய் இறக்குவதுதான் அவர் வேலை. வேன் அவருடைய சொந்த வேன். மூன்றாம் கையாக வாங்கியது. கதவை இழுத்துச் சாத்தினால் சாத்திக்கொள்ளாது, கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். அது பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஒரு வருடம் அந்தப் பள்ளியைப் பெரிய பள்ளி ஒன்றோடு சேர்த்துவிட்டார்கள். பெரிய பள்ளிக்குச் சொந்தமாகப் பேருந்து இருந்தது. வேனக்கா வேனை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கணவர் தையல்காரர். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பலகை, ஓர் ஆளுயரக் கண்ணாடி. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் தூரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வீட்டில் இப்போது இரண்டே பேர். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது இருவருக்கும் பழக்கமில்லாத விஷயம். வேனக்கா துணி வெட்டும்போது யோசனை சொன்னார். கணவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமாக, ஒல்லியாக, உள்ளங்கையில் காய்ப்போடு இருப்பார். மஞ்சள் நிற மேல்சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். எல்லாம் ஒரே அளவில் வந்துவிட்டன, ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தர வேண்டும் என்றார். எதற்கு என்று கணவர் கேட்டார். ஒரு குழுவாகச் சைக்கிளில் கிளம்பி, நகரத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும், பிறகு மலை ஏறியும், வழியிலுள்ள சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் தங்கிப் பேசப் போவதாகச் சொன்னார். குப்பையைக் குறைப்பது, உடைந்ததைத் தூக்கிப் போடாமல் சரிசெய்து வைத்துக்கொள்வது, தண்ணீரைச் சேமிப்பது, பக்கத்துத் தூரத்துக்கு வண்டியை எடுக்காமல் இருப்பது, இப்படி. வரப்போகிற தலைமுறைக்கும் பூமி மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா என்றார்.

வேனக்கா டீ டம்ளரோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தோன்றியது ஒரே ஒரு கேள்விதான். "இவ்வளவு பேரோட மூட்டை முடிச்செல்லாம் யார் சார் தூக்கிட்டு வருவாங்க?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குத்தான் ஒரு வண்டி தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கணவர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். மனைவி சில வாரம் வெளியூர் போய் வந்தால் நல்லதுதான் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டதை வேனக்கா பிற்பாடு பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கிளம்புகிற காலையில் வேன் நிறைந்து வழிந்தது. கூடாரங்கள், காற்றடைக்கும் மெத்தைகள், கேஸ் அடுப்பு, ஒலிபெருக்கி, சுவரொட்டிக் கட்டுகள், ஆளுக்கொரு பெட்டி. ஒரு கல்லூரிப் பேராசிரியர் தலையணை கொண்டுவந்திருந்தார். தன் தலையணை இல்லாமல் தூக்கம் வராதாம். வேனக்கா எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையையும் மழைக்கோட்டையும் அடுக்கிப் பழகிய கை, எல்லாவற்றையும் அடுக்கி முடித்தது.

முதல் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் சைக்கிளை வேனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எதையோ சொல்லத் தயங்குகிறவர்போல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வேனை ஊருக்குள்ள கொண்டுவர வேணாம். வெளியிலயே எங்கயாவது மறைவா நிறுத்திடுங்க. வேணுங்கறத நாங்க வந்து எடுத்துக்கறோம்."

"ஏன் சார்?"

"ஜனங்க பாத்தா ஒரு மாதிரி நினைப்பாங்க."

வேனக்காவுக்குப் புரிந்தது. சைக்கிளில் வாருங்கள் என்று சொல்ல வருகிறவர்களுக்குப் பின்னால் புகை விட்டுக்கொண்டு ஒரு டீசல் வேன் வந்தால் நன்றாகவா இருக்கும்? சரி சார் என்று சொல்லி, ஊர் எல்லையில் ஒரு பழைய கிடங்கின் பின்னால் வேனை நிறுத்தினார். சாயங்காலம் இரண்டு பேர் வந்து ஒலிபெருக்கியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஊரில் மறைவிடம் என்று கிடைத்தது குப்பை கொட்டும் மேடுதான். குப்பையைக் குறைக்கச் சொல்லி ஊருக்குள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வேனக்கா அந்தக் குப்பைக்குக் காவல் மாதிரி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரு நாய் இரண்டு வந்து டயரை மோந்துவிட்டுப் போயின. கணவர் போனில் கூப்பிட்டார். முட்டை அடிப்பிடித்துவிட்டதாம். "எண்ணெய் ஊத்துனீங்களா?" என்று கேட்டார் வேனக்கா. "அதையும் ஊத்தணுமா?" என்றார் கணவர்.

ஊருக்கு வெளியே உட்கார்ந்திருந்ததில் அவர் பார்த்தது வேறு. ஊர் எல்லைகளில் பேருந்து நிழற்குடைகள் இருந்தன, பேருந்து வரவில்லை. பயணிகள் குறைவு என்று நிறுத்திவிட்டார்களாம். எப்படியும் ஏதாவது வண்டி வரும் என்று ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வசதி இருந்தவர்கள் தனித்தனியாகக் கார் பிடித்தார்கள். ஒரே வீட்டிலிருந்து மூன்று மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனதையும் பார்த்தார். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அருகில் ஆளும் இல்லை.

மூன்றாவது ஊரில் மழை. அங்கே மறைவிடம் ஒரு செங்கல் சூளை. வெகுநாளாகத் தீ மூட்டாத சூளை. மழையில் தரை குழம்பாகிவிட்டது, வேனின் பின்சக்கரம் பாதி புதைந்தது. மேற்கூரையின் ஓட்டை வழியாக ஒரு சொட்டு, சரியாக ஓட்டுநர் இருக்கையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த வழியாக ஒரு பெண் மூன்று சக்கர மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பெரிய தகரப்பெட்டி, மேலே தார்ப்பாய். ஊரில் ரொட்டி சுட்டு விற்பவர். வேனைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வண்டி ரிப்பேராம்மா?"

வேனக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை. பிள்ளைகள் தாமதமாக வந்தால் டீச்சரிடம் அவர் சொல்லாத பொய்யா? ஆனால் நனைந்துபோய், பசியோடு, குளிரில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்போது பொய் தோன்றவில்லை. சைக்கிள்காரர்களின் சாமான் வண்டி இது, ஊருக்குள் தெரியக்கூடாது என்பதற்காக இங்கே நிற்கிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். ரொட்டிக்காரம்மா சூளையையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேனக்காவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ரொட்டிக்காரம்மா அப்படியே அவரைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய், அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, தலை துவட்டத் துண்டு கொடுத்து, சூடான ரொட்டியும் டீயும் கொடுத்தார். பிறகு, வாங்க கூட்டத்துக்குப் போகலாம் என்றார். வேனக்கா மறுத்துப் பார்த்தார். ரொட்டிக்காரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் ஊர்ப் பள்ளியின் பெரிய அறையில் நடந்தது. மழைக்கு ஒதுங்க வந்தவர்களும் சேர்ந்து நல்ல கூட்டம். மேனேஜர் நன்றாகப் பேசினார். மனப்பாடம் செய்த பேச்சு, ஆனாலும் நன்றாக இருந்தது. தன் தேவைக்குத் தன் காலே போதும் என்று மனிதன் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னபோது ரொட்டிக்காரம்மா எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். இந்த ஸ்பீக்கர் எப்படி இங்க வந்துச்சு?"

"நாங்கதான் சைக்கிள்ல வெச்சுக் கொண்டுவந்தோம்."

"நகரத்துலேருந்தா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேனக்காவைப் பார்த்துவிட்டார் அவர். முகம் செத்துப்போயிற்று. பேராசிரியர் எழுந்து, இது இப்போது தேவையில்லாத கேள்வி என்றார். பின்வரிசையில் யாரோ, ஏன் தேவையில்லை என்றார்கள். சலசலப்பு எழுந்தது.

வேனக்கா எழுந்தார். எழ வேண்டும் என்று முடிவு செய்து எழவில்லை. அத்தனை நாளும் ஒளிந்தே உட்கார்ந்திருந்த கால், தானாக நிமிர்ந்துவிட்டது என்றுதான் பிற்பாடு சொன்னார்.

"நான்தான் கொண்டுவந்தேன். என் வேன்ல. டீசல் வேன். செங்கச்சூளைக்குப் பின்னால சேத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. ஊருக்குள்ள வர வேணாம்னு சொன்னாங்க, அதனால அங்க நிறுத்தினேன்."

பாதிப் பேர் திரும்பிச் சூளை இருந்த திசையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு மூலையில் ஆரம்பித்த சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. வேனக்காவுக்குக் காது சுட்டது. அந்த மனிதர் தன்னிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லையே, வேலை கொடுத்தவரையே நாலு பேர் முன்னால் காலை வாரிவிட்டோமே என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மேனேஜர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசினார். அந்த அம்மா சொல்வது உண்மை, ஒளித்து வைக்கச் சொன்னது நான்தான், கூட வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னேன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் சொல்லிச் சமாளிக்கவில்லை.

அன்றைக்கு அதன் பிறகு நடந்ததுதான் கூட்டம். ரொட்டிக்காரம்மா, தன் அடுப்பு நாள் முழுக்க விறகு தின்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்று தனக்கே தெரியவில்லை என்றார். ஒருவர் வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதாகச் சொன்னார். குப்பை வண்டி வராத ஊரில் வேறு என்னதான் செய்வது என்று அவர் மனைவி சண்டைக்கு வந்தார். சைக்கிள்காரர்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இல்லை. இல்லை என்று சொன்னார்கள். கூட்டம் முடிந்து ஆறு ஆட்கள் சூளைக்கு வந்து வேனைச் சேற்றிலிருந்து தள்ளி எடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் நிறுத்தினார் வேனக்கா.

மறுநாள் மேனேஜர் அவரிடம் பேசவில்லை. காலை டீக்குக்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. குழுவுக்குள் வாக்குவாதம். வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் சொன்னாராம். குழுவில் ஒரு நர்ஸ் இருந்தாள், முப்பது வயதுப் பெண். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள்தான் வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "சார் ஒத்துக்கல அக்கா. வெக்கப்பட வேண்டியது நான், அவங்கள எதுக்கு அனுப்பணும்னு கேட்டார். ஆனா கோவமாதான் இருக்கார்." வேனக்கா, அவருக்குக் கோபம் இருக்காதா பின்னே என்றார்.

அதற்குப் பிறகு வேன் எல்லா ஊரிலும் நட்டநடுவே நின்றது. கதவு திறந்தே இருந்தது. வந்தவர்கள் முதலில் வேனுக்குள்தான் எட்டிப் பார்த்தார்கள். மெத்தை எதற்கு, எங்கள் பள்ளிக்கூடத்தில் பாய் இருக்கிறதே என்றார்கள். அடுப்பு எதற்கு, நாங்கள் சமைத்துத் தரமாட்டோமா என்று ஓர் ஊரில் கோபித்துக்கொண்டார்கள். யாராவது தலையணையைத் தூக்கிக் காட்டி இது யாருடையது என்று கேட்கும்போது பேராசிரியர் வேறு பக்கம் பார்ப்பார். சைக்கிள்காரர்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியை எடுப்பதை நிறுத்தினார்கள். அது இல்லாதபோது ஜனங்கள் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள்.

நர்ஸ் ஒருநாள் ஒரு மைதானத்தில் வேனக்காவைச் சைக்கிளில் ஏற்றினாள். நீங்களும் எங்களோடு ஓட்டிக்கொண்டு வரலாமே என்று ஆசை காட்டினாள். பேருந்து அளவு வண்டியைக்கூட ஒடித்துத் திருப்பத் தெரிந்தவருக்கு அந்த இரண்டு சக்கரம் அடங்கவில்லை. நேராக வேலிச் செடிக்குள் போய் விழுந்தார். முழங்கை சிராய்த்தது. எனக்கு நாலு சக்கரம்தான் விதிச்சிருக்கு என்று சொல்லிச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டார்.

மலையடிவாரம் வந்தபோது அவரவர் சாமான் அவரவர் கேரியரில் அடங்கிவிட்டது. மேனேஜர் வேனக்காவைத் தேடி வந்தார். அதுவரைக்கும் இரண்டு பேரும் வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை.

"இனி மேல போறதுக்கு வேன் வேண்டியிருக்காதுன்னு நினைக்கறோம்."

"நானும் நினைச்சேன் சார்."

"நீங்க அன்னிக்கு எழுந்து சொல்லலைன்னா நாங்க இன்னமும் மெத்தையச் சுமந்துகிட்டுத்தான் இருப்போம்."

"நீங்க எங்க சுமந்தீங்க? நான்ல சுமந்தேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். பேசிய சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார், கொடுக்கவும் செய்தார். அவர்கள் வளைவில் மறையும்வரை வேனக்கா கையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டோம் என்று ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், மலை மேல் தானும் போயிருக்கலாம் என்று இருந்தது. கண் கலங்கியது என்று அவர் ஒத்துக்கொள்வதில்லை. தூசு என்பார்.

திரும்பும் வழியில் முதல் நிழற்குடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவரும் அவர் மகளும் கையை நீட்டினார்கள். நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலையிலிருந்து நிற்கிறோம் என்றாள் மகள். மலையேறாமல் வேனிலேயே தங்கிவிட்ட மெத்தைகளை ஓரம் தள்ளி உட்காரச் சொன்னார் வேனக்கா. அடுத்த ஊரில் ஒரு கர்ப்பிணியும் அவள் மாமியாரும். அதற்கடுத்த ஊரில் தையல் மெஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது வேன் பள்ளி நாட்களைப்போல் நெரிந்தது. இறங்கும்போது பெரியவரின் மகள், அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க வரணும், நீங்க வருவீங்களா என்று கேட்டாள். வரமாட்டேன்மா, இது சும்மா போகிற வழியில் ஏற்றினது என்றார் வேனக்கா.

அடுத்த வாரம் ரொட்டிக்காரம்மா போன் செய்தார். வேன் ஆட்களை ஏற்றிப்போன செய்தி அவர் ஊர்வரை வந்திருந்தது. அந்தப் பெரியவரோடு இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், டீசலுக்கு அவர்களே பங்கு போட்டுக்கொள்வார்கள், வெள்ளிக்கிழமை வர முடியுமா என்றார். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் நீதான் டிரைவரா?" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் பிளாஸ்க்கில் டீ ஊற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்படித் தொடங்கியது இன்றுவரை நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வேன் அந்த வழியிலுள்ள ஐந்து ஊர்களுக்குப் போய் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, தாலுகா ஆபீசுக்கு. தனித்தனியாகப் பத்து வண்டியில் போக இருந்தவர்கள் ஒரே வண்டியில் போகிறார்கள். எல்லோருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்றாவது ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர் ஒருநாள் வேனை மறித்துக்கொண்டு நின்றார். தன் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்றார். பள்ளிப் பேருந்து வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னார் வேனக்கா. நான் வராத நாளில் யார் கேட்டாலும் உங்கள் நம்பரைத்தான் கொடுக்கிறேன் என்றார், சொன்னபடி கொடுக்கவும் செய்கிறார். கார்க்காரர் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் மறிப்பதில்லை.

ஆட்களை ஏற்றிச் செல்ல முறையான அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதில்தான் மேனேஜர் உதவிக்கு வந்தார். அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அவர் சைக்கிளில் அலைந்தது பல மாதம். வேனக்கா ஒருமுறை அவரோடு போனார். ஜன்னலுக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சில் மேனேஜர் பொறுமையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். வங்கியில் தன் அறை வாசலில் இப்படி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் தானாகவே சொன்னார். அனுமதி கிடைத்த அன்றைக்கு இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள்.

சைக்கிள் குழு அடுத்த வருடமும் கிளம்பியது, வேன் இல்லாமல். ரொட்டிக்காரம்மாவின் ஊரில் வேனக்கா பேச வேண்டும் என்று கேட்டார்கள். அது வெள்ளிக்கிழமையாக இருந்ததால் முடியாது என்றார். கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மேடையில் ஏறி அவர் அதிகம் பேசவில்லை, பேருந்து வரும்வரை நான் வருவேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கைதட்டலில் முன்வரிசையில் இருந்த கணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தட்டினார்.

வேனுக்கு வயதாகிவிட்டது. மேட்டில் ஏறும்போது கறுப்பாகப் புகை விடுகிறது, பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். பேட்டரியில் ஓடும் வண்டி வாங்கலாம் என்று மகளும் மருமகனும் சொல்கிறார்கள். ஐந்து ஊரும் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா என்று மேனேஜர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் மகளும் மருமகனும் வண்டிக் காட்சியறைக்குக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். வேனக்கா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். நன்றாகத்தான் இருக்கிறது, சத்தம்தான் வரவில்லை, நான் வந்து நிற்பது நிழற்குடையில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். ஹாரன் இருக்கிறதே அம்மா என்றாள் மகள். வேனக்கா மறுபடி ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, கதவு தூக்காமலே சாத்திக்கொள்கிறதா என்று பார்த்தார்.